வெளியூர் வித்தியார்த்திகளும் வலைத் திருடர்களும்

2025-ஆம் வருஷத்தில் புதுச்சேரி சைபர் குற்றப் போலீஸார் எழுவரைக் கைது செய்த விவரம் நேயர்களுக்கு ஞாபகமிருக்கலாம். அவர்களில் பொறியியற் கலாசாலை மாணவர்களும் இருந்தனர் என்றும், மாணவர் முதலியோருடைய பாங்கிக் கணக்குகளின் வழியே ஏறக்குறைய 90 கோடி ரூபாய் மோசடிப் பணம் கைமாறிற்று என்றும் போலீஸார் தெரிவித்தனர். பிடிபட்டவர் குற்றவாளிகளா அல்லவா என்பதை நியாயஸ்தலம் தீர்மானிக்கும்; அதில் நாம் தலையிட வரவில்லை. ஆனால் அச்செய்தியைப் படித்த நம்மவரில் பெரும்பாலோர், ‘இக்காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்’ என்று ஒரு பெருமூச்சு விட்டுப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டனர். இவ்வளவோடு இவ்விஷயத்தை விட்டுவிடுதல் தகாது என்பது நமது அபிப்பிராயம்.

கணக்குகளின் வழியே ஓடிய அப்பணம் வானத்திலிருந்து விழுந்ததன்று. யாரோ ஏமாந்து இழந்தது. அவ்வாறு இழப்பவர்களில் மாணவர்களும் உண்டு. இன்னும் சொல்லப்போனால், பணத்தை இழப்பவனும், பிறர் பணம் ஓடுவதற்குத் தன் கணக்கை வாடகைக்கு விடுபவனும் பல சமயங்களில் ஒரே மாதிரியான பிள்ளையே: பதினெட்டு, பத்தொன்பது வயது, வீட்டைவிட்டு வெகுதூரத்தில் விடுதி வாசம், கையில் செல்போன், மாதக் கடைசியில் காலிப் பை, தகப்பனாரிடம் மறுபடி பணம் கேட்கக் கூச்சம். இந்தக் கூச்சமே திருடர்களுக்கு முதலீடு.

வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு முதலிய கொம்யூன்களிலிருந்து வருஷந்தோறும் எத்தனையோ பிள்ளைகள் சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் திருச்சிக்கும் பங்களூருக்கும் படிக்கப் போகிறார்கள். அதே சமயத்தில் வில்லியனூரிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் எழும்பியிருக்கும் கலாசாலைகளில் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டிலிருந்து போகிற பிள்ளையின் விஷயமும் ஆகும். நம் தெருவுக்கு வந்து குடியிருக்கிற பிள்ளையின் விஷயமும் ஆகும்.

கல்வியைக் காப்பாற்றுவது ஊரின் பொறுப்பு என்ற கொள்கை இப்பக்கத்துக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களின் வருவாய் மானியமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கற்பவனுடைய சோற்றுக்கும் இருப்பிடத்துக்கும் கிராமம் பொறுப்பேற்ற காலம் அது. இன்று அந்தப் பாரம் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் தனித்தனியே ஏறியிருக்கிறது. சென்டாக் மூலம் இடம் பெற்றவர்களுக்குக் காமராஜர் பெயரால் சர்க்கார் அளிக்கும் கட்டண உதவி ஒருபுறமிருக்க, விடுதிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் நகையை அடகு வைத்தோ, சீட்டு எடுத்தோ, மகளிர் குழுவில் கடன் வாங்கியோதான் வருகின்றன. பட்டணத்துச் செல்வந்தருக்கு 40,000 ரூபாய் ஒரு நாள் வருத்தம். கரும்பும் நெல்லும் பயிரிடும் பாகூர்க் குடியானவருக்கு அது பிள்ளையின் ஒரு பருவப் படிப்பு.

தேசம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கணக்கு மலைக்க வைக்கிறது. 2023-இல் 7,465 கோடி ரூபாயாக இருந்த சைபர் மோசடி நஷ்டம், 2024-இல் 22,845 கோடியாயிற்று என்று உள்நாட்டு மந்திரி இலாகா பார்லிமெண்டில் 2025 ஜூலையில் தெரிவித்தது. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு! இப்பணத்தைத் தடுத்து நிறுத்துவதற்கென 2021-இல் ஏற்படுத்தப்பட்ட ஏற்பாட்டின் மூலம் அதுவரை காப்பாற்றப்பட்டது 5,489 கோடிக்குச் சற்று அதிகம் என்பதும் அதே சமயம் வெளியான கணக்கு. நான்கு வருஷங்களில் காத்தது, ஒரு வருஷத்தில் போனதில் நான்கில் ஒரு பங்கு. போலீஸாரைக் குறை சொல்வதற்காக இதை எடுத்துக் காட்டவில்லை. காப்பாற்றப்பட்ட பணம் எத்தன்மையது என்று ஆராய்ந்தால், பெரும்பாலும் விரைந்து சொல்லப்பட்ட பணமே அது என்று விளங்கும். அதைப் பின்னர் கூறுவோம்.

மாணவர்களைப் பிடிக்கும் தூண்டில்களில் மிகவும் வழக்கமானது ‘பகுதிநேர வேலை’. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். பிறகு டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்ப்பார்கள். ஏதோ ஓர் ஓட்டலுக்கு நட்சத்திரக் குறி போடுதல், ஒரு காட்சிக்கு விருப்பக் குறி இடுதல், இவ்வளவே வேலை. முதல் நாள் 150 ரூபாயோ 200 ரூபாயோ உண்மையாகவே கணக்கில் வந்து சேரும். மீனுக்குப் புழு போடாமல் எவனும் தூண்டில் வீசுவதில்லை. அடுத்தபடியாக, ‘முன்பணம் கட்டிச் செய்யும் வேலை’ என்பார்கள். 1,000 கட்டினால் 1,300 திரும்பும். 5,000 கட்டினால் திரையில் 7,000 என்று எழுத்து ஓடும். அந்த எழுத்து மட்டுமே லாபம்; பணம் வராது. கேட்டால், ‘இன்னும் ஒரு வேலை பாக்கி’, ‘வரி கட்ட வேண்டும்’, ‘கணக்கு முடங்கியிருக்கிறது, 20,000 கட்டினால் திறக்கும்’ என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வார்கள். குழுவிலுள்ள மற்ற ஐம்பது பேரும் தாங்கள் பெற்ற லாபத்தைப் படம் பிடித்துக் காட்டிக்கொண்டேயிருப்பார்கள். அந்த ஐம்பது பேரும் திருடனின் ஆட்கள் என்பதைப் பையன் அறியான். முதலில் போட்ட 1,000 ரூபாயை மீட்க 5,000, அதை மீட்க 20,000 என்று போய், விடுதிக் கட்டணமும் நண்பனிடம் வாங்கிய கடனும் சேர்ந்து மறைந்தபின்புதான் குழுவே மறையும்.

கல்வி உதவித்தொகையின் பெயரால் வருவது மற்றொன்று. பேசுகிறவனுக்குப் பிள்ளையின் பெயர், பள்ளி, பெற்றோர் பெயர் எல்லாம் தெரிந்திருக்கும். ஆகையால் நம்பிக்கை உண்டாகும். பணம் பெறுவதற்கு ஒரு கட்டப் படத்தைச் செல்போனால் படித்து ரகசிய எண்ணைப் போடச் சொல்வான். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை, கொடுப்பதற்கே அது வேண்டும் என்ற ஒரு செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தால் இத்திருட்டு பாதி ஒழியும். உடனடிக் கடன் தருவதாகச் சொல்லிச் செல்போனிலுள்ள படங்களையும் முகவரிகளையும் கவர்ந்துகொண்டு மிரட்டுவது மூன்றாவது. இது பணத்தை மட்டுமன்றி மானத்தையும் பிடித்துக்கொள்வதால் மிகக் கொடியது.

நான்காவதாக, ‘டிஜிட்டல் கைது’ என்னும் பயமுறுத்தல். போலீஸ் உடுப்பணிந்த ஒருவன் திரையில் தோன்றி, ‘உன் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, அறையைவிட்டு நகராதே, யாரிடமும் பேசாதே’ என்பான். இப்படி ஒரு கைது இந்திய சட்டத்தில் எங்கும் கிடையாது. 2024 அக்டோபர் 27-ஆம் தேதி பிரதம மந்திரியே வானொலியில் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். ஆயினும் தனியறையில் அஞ்சி நடுங்கும் பிள்ளைக்கு அந்நேரம் வானொலிப் பேச்சு நினைவுக்கு வருவதில்லை. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் பதினேழு வயதுச் சீன மாணவன் ஒருவன் பனி மூடிய மலைப்பகுதியில் ஒரு கூடாரத்தில் தனியே ஒளிந்திருக்கக் கண்டார்கள். அவனைக் கடத்தியவர் எவருமில்லை. செல்போனில் பேசிய குரல்களே அவனை அங்கே போய் ஒளியும்படி செய்தன. மகன் கடத்தப்பட்டதாக நம்பிய பெற்றோர் சீனாவில் 80,000 டாலரளவு பணம் கட்டிவிட்டார்கள். கடல் கடந்த நாட்டுப் பிள்ளைக்கும் கோயமுத்தூர் விடுதியிலுள்ள வில்லியனூர்ப் பிள்ளைக்கும் இதில் வித்தியாசமில்லை. இருவரையும் வீட்டாரிடமிருந்து பிரித்துத் தனிமைப்படுத்துவதே திருடனின் முதல் வேலை.

ஆகையால் மீட்பு வேலையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். பணத்தை இழந்த பிள்ளை வீட்டுக்குப் போன் செய்கிறானா இல்லையா என்பதே முதற் கேள்வி. நம் வீடுகளின் வழக்கம் நேயர்கள் அறிந்ததே. ‘அப்பா, ஒரு தப்பு நடந்துவிட்டது’ என்று பிள்ளை வாயெடுக்குமுன், ‘உன்னைப் படிக்க அனுப்பினேனா, பணத்தைத் தொலைக்க அனுப்பினேனா?’ என்ற கேள்வி பிறக்கிறது. நியாயமான கோபந்தான், ஆனால் அந்தக் கோபத்துக்கு அஞ்சியே பிள்ளை மூன்று நாள் மௌனமாயிருக்கிறான், அந்த மூன்று நாளில் பணம் மூன்று தேசம் கடந்துவிடுகிறது. கோபித்துக்கொள்ளப் பிறகு வேண்டிய அவகாசம் உண்டு. பணத்தை இழந்த வெட்கத்தில் உயிரையே மாய்த்துக்கொண்ட வாலிபர்களின் செய்தி நம் பத்திரிகைகளில் வராத மாதமில்லை. பிள்ளையின் பேச்சில் அப்படி ஒரு நிழல் தட்டினால், பணத்தை மறந்து அவனருகில் ஓர் ஆளை உட்கார வைப்பதும், 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணுக்குப் பேசச் செய்வதும் முதல் காரியம். 2022 அக்டோபரில் தொடங்கிய அந்த இலவச மனநல உதவி இரவும் பகலும் தமிழிலும் கிடைக்கிறது.

இரண்டாவது காரியம் 1930. இந்த எண்ணை வில்லியனூரில் எத்தனை வீடுகளின் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வெட்கத்துக்குரியதாகவே இருக்கும். இந்த எண்ணுக்குச் சொன்னவுடன் நடப்பது இது: பணம் எந்தக் கணக்குக்குப் போயிற்றோ அந்தப் பாங்கிக்கு உடனே செய்தி பறக்கிறது. பணம் இன்னும் அங்கேயே இருந்தால் நிறுத்தி வைக்கப்படும். அடுத்த கணக்குக்கு நகர்ந்திருந்தால் செய்தியும் அதைப் பின்தொடரும். திருடன் ஒரு கணக்கிலிருந்து ஐந்துக்கும், ஐந்திலிருந்து இருபதுக்கும் நிமிஷங்களில் பணத்தைச் சிதறடித்து, கடைசியில் ரொக்கமாக எடுத்துவிடுகிறான் அல்லது கிரிப்டோ நாணயமாக மாற்றிவிடுகிறான். அதன்பின் எந்தப் பாங்கியாலும் ஒன்றும் செய்ய இயலாது. முதல் ஒரு மணி நேரத்தைப் போலீஸார் பொன்னான நேரம் என்று சொல்வதன் காரணம் இதுவே. பிள்ளை பேசத் தடுமாறினால் தகப்பனாரோ, தமையனோ, ஊரிலுள்ள விவரமறிந்த ஒருவரோ பேசலாம். பணம் போன கணக்கு அல்லது யு.பி.ஐ. முகவரி, தொகை, நேரம், பரிவர்த்தனையின் பன்னிரண்டு இலக்க எண் ஆகியவை கையில் இருந்தால் போதும். பிறகு சைபர் குற்றத்துக்கான தேசிய இணையதளத்தில் எழுத்து மூலம் பிராது கொடுத்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வெட்கத்தால் பிள்ளைகள் செய்யும் ஒரு காரியத்தை இங்கே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஏமாந்தது தெரிந்ததும் அந்தச் சம்பாஷணைகள் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். கண்ணில் படாமலிருந்தால் போதும் என்ற எண்ணம். அவ்வாறு அழிக்கப்படுவது திருடனுக்கு எதிரான சாட்சியமாகும். ஒன்றையும் அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு, அதன்பின் ரகசிய எண்களை மாற்றுவதும், திருடன் சொல்லிப் பதித்த செயலிகளை நீக்குவதும், தன் பெயரில் வேறு சிம் கார்டுகள் வாங்கப்பட்டிருக்கின்றனவா என்று தொலைத்தொடர்பு இலாகாவின் ‘சஞ்சார் சாத்தி’யில் பார்ப்பதும் முறை.

எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது என்பதில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. பிள்ளை இருப்பது ஓர் ஊர். பாங்கிக் கிளை வில்லியனூர். பணம் போன கணக்கு வடநாட்டில். நமது பிரதேசத்தின் எல்லைக் குழப்பம் நாம் அறியாததன்று. வில்லியனூரிலிருந்து திருபுவனைக்குப் போகிற ஒருவர் நடுவே கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடி புதுச்சேரிக்குள் வருகிறார். பஸ்ஸில் உறங்குகிறவருக்கு இரண்டு சர்க்கார்களைக் கடந்தது தெரியாது! இதே குழப்பத்தைக் காட்டி, ‘இது எங்கள் எல்லையன்று’ என்று பிராதுக்காரரை அனுப்பிவிடும் வழக்கம் முன்னர் மிகுந்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 173-ஆவது ஷரத்து இதற்கு இடம் தரவில்லை. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் வாய்மொழியாகவோ மின்னஞ்சல் முதலிய வழிகளாலோ தகவல் கொடுக்கலாம். மின்வழியில் கொடுத்தால் மூன்று நாளைக்குள் கையெழுத்திட வேண்டும், அவ்வளவே. ‘எல்லையன்று’ என்று சொல்லும் உத்தியோகஸ்தரிடம் இந்த ஷரத்தின் எண்ணை மரியாதையாக எடுத்துச் சொல்லக்கூடிய ஓர் ஆள் உடன் போவது எவ்வளவு உபகாரம் என்பதைப் பொதுஜன ஊழியர்கள் அறிவார்கள்.

இனி பாங்கிகளின் விஷயத்துக்கு வருவோம். நமது வழக்கின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. 2017 ஜூலை 6-இல் ரிசர்வ் பாங்கி ஒரு நல்ல உத்தரவு பிறப்பித்தது. வாடிக்கைக்காரருடைய தவறின்றி, பாங்கியின் தவறுமின்றி, மூன்றாமவரால் பணம் களவாடப்பட்டு, மூன்று வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்பட்டால் வாடிக்கைக்காரருக்கு நஷ்டமில்லை. பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்றது. ஆனால் அந்த உத்தரவின்படி, வாடிக்கைக்காரர் தாமே ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டிருந்தால், அறிவிக்கும்வரையிலான நஷ்டம் அவருடையதே. நமது மாணவனோ திருடனுடைய பேச்சை நம்பித் தன் விரலாலேயே பணத்தை அனுப்பியிருக்கிறான். ‘நீயே அனுப்பினாய், நாங்கள் என்ன செய்வோம்?’ என்று பாங்கி கையை விரிக்கிறது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் பாங்கி சொல்வது சரி.

ஆனால் நியாயம் எழுத்தோடு நின்றுவிடுகிறதா? திருடனுக்குக் கணக்கு திறந்து கொடுத்தது யார்? ஒரு மாணவன் பெயரிலோ கூலியாள் பெயரிலோ திறந்த கணக்கில் திடீரென்று ஒரு நாளில் லட்சக்கணக்கான ரூபாய் வந்து, வந்த வேகத்தில் வெளியேறுகிறது. 10,000 ரூபாய்க் கடனுக்குப் பத்து முறை அலைக்கழிக்கும் பாங்கிக்கு இந்த விநோதம் கண்ணில் படவில்லையா? இந்த நஷ்டத்தில் அனுப்பிய பாங்கிக்கும் பெற்ற பாங்கிக்கும் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது நமது வாதம். இது நடவாத கனவென்று எவரும் சொல்ல வேண்டாம். இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 7 முதல், இவ்வாறு ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கு 85,000 பவுன் வரையில் பாங்கிகள் திருப்பித் தரவேண்டும் என்றும், அதை அனுப்பிய பாங்கியும் பெற்ற பாங்கியும் பாதிப்பாதியாக ஏற்கவேண்டும் என்றும் விதி வந்தது. தன் பணம் போகும் என்று தெரிந்தபின் எந்தப் பாங்கியும் விழித்துக்கொண்டே கணக்கு திறக்கும். நம் தேசத்திலும் மனம் வைத்தால் வழி பிறக்கும் என்பதற்குச் சிறு உதாரணமுண்டு. யு.பி.ஐ.யில் தனி மனிதர் ஒருவர் மற்றொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி மோசடிக்குத் துணையாயிற்று என்று கண்டு 2025 அக்டோபர் 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். 2025 ஆகஸ்டு மாதம் ஒன்றில் மட்டும் யு.பி.ஐ. மூலம் நடந்த பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. இவ்வளவு பெரிய யந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, ஏமாந்தவனுடைய நஷ்டத்தைப் பங்கிடும் விதியொன்றை எழுதத் தெரியாமற் போகாது. இதைக் கோரிப் போராட வேண்டிய பொறுப்பு நம் பார்லிமெண்ட் அங்கத்தினர்களுடையது; அவர்களைத் தூண்ட வேண்டியது நம்முடையது.

நிறுத்தி வைக்கப்பட்ட பணமும் தானாகத் திரும்பி வந்துவிடுவதில்லை. இதை அறியாமல், ‘பணம் பிடிபட்டுவிட்டது’ என்ற சந்தோஷத்தில் வீட்டிலிருந்துவிடுபவர் பலர். மேற்படி சம்ஹிதையின் 503-ஆவது ஷரத்தின்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்து உத்தரவு பெறும் வழி உண்டு. சில மாகாணங்களில் லோக் அதாலத்துகள் மூலம் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். வக்கீல் வைக்க வசதியற்ற குடும்பத்துக்கு இலவசச் சட்ட உதவிக் குழு இருக்கிறது. பாங்கி பிராதுக்கு முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியற்றதாயிருந்தாலோ ரிசர்வ் பாங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் செலவின்றி முறையிடலாம். இவையெல்லாம் கடிதப் போக்குவரத்து. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையால் தனியே செய்ய இயலாதவை. ஊரிலுள்ளவர்கள் அவனுக்காகச் செய்ய வேண்டிய வேலை இதுவே.

வேறொரு தொல்லையும் உண்டு. யாரோ ஒரு நண்பன் அனுப்பிய 2,000 ரூபாய் மோசடிப் பணத்தின் ஒரு துளியாக இருந்துவிட்டால், எங்கோ ஒரு மாகாணப் போலீஸாரின் கட்டளையால் மாணவனுடைய கணக்கு முழுவதும் முடக்கப்படுகிறது. அதிலிருந்த உதவித்தொகையும் அகப்பட்டுக்கொள்கிறது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்கும்படி சென்னை உயர் நியாயஸ்தலம், கேரள உயர் நியாயஸ்தலம் ஆகியவை உத்தரவிட்ட வழக்குகள் உண்டு. புதுச்சேரி சென்னை உயர் நியாயஸ்தலத்தின் எல்லைக்குட்பட்டதாகையால், நம்மவர் அவ்வுத்தரவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு பாங்கி மானேஜரைப் பார்க்கலாம்.

நஷ்டப்பட்டவனைச் சுற்றி இரண்டாம் திருடன் வட்டமிடுவதையும் மறக்கக்கூடாது. ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் 5,000 கட்டுங்கள்’ என்பவன் அவன். சர்க்கார் முத்திரை போட்ட கடிதமும் காட்டுவான். பணத்தை மீட்பதற்கு முன்பணம் கேட்கும் போலீஸாரோ பாங்கியோ கிடையாது. மூன்றாவதாக ஒருவன், ‘உன் கடனை அடைக்க வழி சொல்கிறேன், உன் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் சில வாரம் எனக்குக் கொடு. மாதம் இவ்வளவு தருகிறேன்’ என்பான். இங்கேதான் ஏமாந்த பிள்ளை குற்றவாளியாக மாறுகிறான். முன்சொன்ன 90 கோடி வழக்கைப்போன்ற செய்திகளில் மாணவர் பெயர் அடிபடுவதற்கு இது ஒரு வாசல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்று வருஷம் வரை சிறை விதிக்கிறது. அறியாமல் கணக்கைக் கொடுத்தேன் என்பது எளிதில் நிரூபிக்கக்கூடிய வாதமன்று. வீட்டார் அவனுடைய முதல் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு கடனை அடைத்துவிட்டால் அந்த வாசல் மூடிவிடும். அதற்குப் பத்தாயிரமோ இருபதாயிரமோ ஆகலாம். ஜாமீன் செலவு அதனினும் பெரிது.

திருடர் யார் என்று கேட்டால், அங்கும் நம் பிள்ளைகளே சிலர் அகப்பட்டிருக்கிறார்கள் என்பதை வேதனையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், பர்மாவின் மியாவாடி எல்லையில் அடைக்கப்பட்டு, அடி உதைக்கு அஞ்சி மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட தமிழ் வாலிபர் பதின்மூவர் 2022 அக்டோபரில் சென்னைக்கு மீண்டு வந்தனர். 2025 மார்ச்சில் 549 இந்தியர் விமானப்படை விமானங்களில் அழைத்து வரப்பட்டனர். பர்மாவில் 1,20,000 பேரும் கம்போடியாவில் ஒரு லட்சம் பேரும் இவ்வாறு கட்டாயத்தில் இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. முற்காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்கும் மொரிஷியஸுக்கும் நம்மவரை ஆசை காட்டிக் கப்பலேற்றிய ஆள்பிடிப்பவனின் பேச்சுக்கும் இந்த ஏஜெண்டின் பேச்சுக்கும் தூரம் அதிகமில்லை.

வில்லியனூர்க் கொம்யூனிலுள்ள கீழூரில் 1954 அக்டோபர் 18-இல் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள். கிராமத்துக்குக் கிராமம் நடந்து ஜனங்களிடம் பேசிய ஊழியர்களின் உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. அவ்வளவு பெரிய காரியத்தை நாம் இப்போது கேட்கவில்லை. கொம்யூனுக்கு ஆறேழு பேர், பாங்கி வேலை தெரிந்த ஒருவர், வக்கீல் ஒருவர், ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவர், செல்போன் நன்றாகத் தெரிந்த இரண்டு இளைஞர் என்று ஒரு குழு இருந்தால் போதும். வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் நள்ளிரவிலும் கூப்பிடக்கூடிய ஓர் எண் அவர்களிடம் இருக்க வேண்டும். கூப்பிட்ட பிள்ளையின் பெயரை வெளியே சொல்லாமலிருப்பது அக்குழுவின் முதல் விதியாக இருக்க வேண்டும். இல்லாவிடில் ஒருவனும் கூப்பிடமாட்டான்.

திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு ஊர் திரளும் நாளில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள் அதன் தூணில் 1930 என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். மாதா கோயில் திருவிழாவிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் அவ்வாறே செய்யலாம். கொம்யூன் பஞ்சாயத்து இதற்கு நிதி ஒதுக்கத் தயங்கினால் கல்வி இலாகாவைக் கேட்க வேண்டும். சென்டாக் மூலம் இடம் ஒதுக்கும் உத்தரவோடு தமிழில் ஒரு பக்க எச்சரிக்கையையும் சேர்த்தனுப்ப அதிகச் செலவு பிடியாது. அந்தப் பக்கத்தைப் பெற்றோருக்கும் தனியே அனுப்ப வேண்டும். அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்குவதற்குள் இதைச் செய்யும்படி கல்வி மந்திரியைக் கேட்டுக்கொள்கிறோம்.